பத்தொன்பது கிலோமீட்டர்

அமுதவல்லி ஸ்டீயரிங்கைப் பிடித்தது நாற்பத்து நான்காவது வயதில். அதுவும் ஆசைப்பட்டு அல்ல.

ஏற்காட்டு மலையில், வாழவந்தியில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். காப்பித் தோட்ட வேலைக்கென்று என்றைக்கோ கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பம். பதினைந்து வயதில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கப் போனாள். கல்யாணமாகி, மகள் மலர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஏற்காடு டவுனில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு லாட்ஜில் சமையல் வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் போவாள், சாயங்கால பஸ்ஸில் திரும்புவாள். கணவர் பாலகுமார் வாடகை வண்டி டிரைவர். ஆனாலும் அவள் முன் சீட்டில் உட்கார்ந்து போனது கோயிலுக்கும் சாவுக்கும்தான். மற்ற நாளெல்லாம் அந்தச் சீட்டு வாடகை கொடுப்பவர்களுடையது.

பாலகுமார் இருபத்தாறு வருடம் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே டீசல் வண்டி ஓட்டியவர். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அவர் எண்ணால்தான் சொல்வார். 'ஏழாவது பெண்டுல கல்லு உருண்டு கெடக்குது', 'பதினொண்ணுல கொரங்கு ஜாஸ்தி' என்பார். பேச்சு குறைவு. கோபமும் குறைவு. ஆனால் தன் தொழிலில் இன்னொருவர் வாய் வைத்தால் அவருக்கு ஆகாது.

பழைய வண்டி ஓய்ந்துபோனபோது வாடகை வண்டி ஸ்டாண்டில் எல்லோரும் இன்னொரு டீசல் வண்டியை எடுக்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. சேலத்தில் ஒரு இஞ்சினியர் வெளிநாடு போகிறார், ஒரு வருடம்கூட ஓடாத எலக்ட்ரிக் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். பின் சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் திரையில் பெரிய எழுத்தில் 240 என்று இருந்தது. இன்னும் இருநூற்று நாற்பது கிலோமீட்டர் ஓடும் என்று அதற்கு அர்த்தம். அன்றே பேசி முடித்து, சாயங்காலம் தானே மலையேற்றிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"சத்தமே இல்ல அமுதா. கிளட்சு இல்ல, கியரு இல்ல. கொழந்தையாட்டம் ஏறுது" என்றார். இருபது வருடத்தில் அவர் ஒரு பொருளைப் பற்றி அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டார். காலையில் சார்ஜ் நூறு என்று காட்டியது. கிலோமீட்டர் மட்டும் 152.

இஞ்சினியருக்கு ஃபோன் போட்டார். "எனக்கு எப்பவும் இருநூத்தி நாப்பதுதாங்க காட்டும்" என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. சமதரை ரோட்டில் வீட்டிலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து வீட்டுக்கும் மெதுவாக ஓட்டிய மனிதர். கடைசியாக எப்படி ஓட்டினார்களோ அதை வைத்து, இப்படியே ஓட்டினால் இவ்வளவு தூரம் போகலாம் என்று அந்த வண்டி ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது. தரையில் ஓடியவரை அதிகமாகச் சொன்னது. ஒரு சாயங்காலம் மலையேறியதும் குறைத்துச் சொன்னது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதைப் பாலகுமாரிடம் எடுத்துச் சொல்ல அப்போது ஒருவரும் இல்லை. ஸ்டாண்டில் இருந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். அவர்களில் அவருக்கு நெருக்கமான விஜயகுமார், இரக்கத்தோடுதான் சொன்னான்.

"பேட்டரி அடிவாங்குன வண்டிங்கண்ணா. உங்க தலையில கட்டிட்டுப் போயிட்டான்."

அன்றைக்குப் பிறகு பாலகுமார் அந்தக் காரைப் பற்றி வீட்டில் பேசவில்லை. சவாரிக்கு எடுப்பதற்கான பேப்பர் வேலையையும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். காரில் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த எண்ணைப் பார்ப்பார். பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்வார்.

ஆடி மாதம் ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தவர் சட்டைப் பட்டன் போட முடியாமல் நின்றார். வலது கை சொன்னபடி கேட்கவில்லை. வாய் கோணியது. அப்படியே சுவரைப் பிடித்துச் சரிந்தார். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ரத்தக் கொதிப்பு பல வருடமாகக் கவனிக்காமல் விட்டதுதான் காரணம் என்றார் டாக்டர். ஊரில் கார் கவலைதான் ஆளைச் சாய்த்துவிட்டது என்றார்கள். அமுதவல்லி டாக்டரை நம்பினாள். பாலகுமார் ஊரை நம்பினார்.

பேச்சு திரும்பி வந்தது. காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கைதான் துணியில் கட்டித் தொங்கவிட்டது போலக் கிடந்தது. பிரிஸ்கில்லா என்ற பிசியோதெரபிஸ்ட் பெண் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"அண்ணா, மொத ஆறு மாசம் நமக்கு நொம்ப முக்கியம். மூளை இப்பத்தான் புதுசா வழி தேடும். வாரத்துக்கு ரெண்டு தடவ வாங்க. நடுவுல வுட்டீங்கன்னா தேடுன வழியும் அடைஞ்சுரும்."

ஏற்காட்டில் அப்படிப் பயிற்சி கொடுப்பவர்கள் யாரும் இருப்பதாக அவர்களுக்குத் தெரியவில்லை. அமுதவல்லி அவரைச் சேலத்துக்குப் பஸ்ஸில் ஒரு தடவை கூட்டிப்போனாள். வளைவுகளில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து உட்கார அவரால் முடியவில்லை, இறங்குவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தார். பிறகு விஜயகுமார் தன் சவாரியை விட்டுவிட்டு அவர்கள் காரிலேயே கூட்டிப்போனான். ஒரு மாதத்தில் கட்டை விரல் அசைந்தது. அடுத்த மாதம் மூடிக் கிடந்த விரல்கள் மெல்லத் திறந்தன. ஒரு நாள் காலி டம்ளரை வலது கையில் பிடித்து வாய்வரை கொண்டுபோனார். டம்ளர் நடுங்கியது, விழவில்லை. பிரிஸ்கில்லா கை தட்டினாள். பாலகுமார் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். அமுதவல்லி அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

பூஜை விடுமுறை வந்தால் மலையில் டிரைவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. எத்தனை நாள் விஜயகுமாரை நம்பியிருப்பது என்று அவளே அவனிடம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கியர் இல்லாத வண்டி, சீக்கிரமே கைக்கு வந்தது. லைசென்ஸ் வாங்கினாள். முதல் நாள் அவரை முன் சீட்டில் உட்காரவைத்து மலை இறங்கும்போது அவள் உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுது பாரு" என்றார்.

நூற்று நாற்பதில் இருந்த எண், இறங்க இறங்க நூற்று எழுபதானது.

"நல்லதுதானுங்களே."

"என்ன நல்லது? இருவத்தாறு வருசம் இந்த மலைய எறங்கியிருக்கறேன். எந்த டாங்குலயும் டீசல் ஊறுனதில்ல. ஓட ஓட ஏறுதுன்னா மீட்டரே பொய்யி."

திரும்பி ஏறும்போது அந்த எண் மளமளவென்று சரியும். ஒரு கிலோமீட்டர் போனால் நான்கு, ஐந்து என்று குறையும். அவர் இடது கையால் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வீடு வந்து சேரும்வரை விடமாட்டார்.

ஒரு நாள் அவரைப் பிரிஸ்கில்லாவிடம் விட்டுவிட்டு அமுதவல்லி கார் சர்வீஸ் சென்டருக்குப் போனாள். அங்கே லோகேஷ் என்ற பையன் மடிக்கணினியை வண்டியில் மாட்டிப் பார்த்தான்.

"பேட்டரி புதுசாட்டமே இருக்குதுங்கக்கா. ஒரு குத்தமும் இல்ல."

"அப்பறம் ஏன் சாமி கிலோமீட்டரு இந்த ஆட்டம் ஆடுது?"

"அது வண்டியோட அனுமானமுங்க. நீங்க ஏறுனா, இனிமேலும் ஏத்தந்தான்னு நெனச்சுக்கும். எறங்குனா, எறக்கந்தான்னு நெனச்சுக்கும். எறங்கறப்ப சக்கரம் சுத்தறதுல கொஞ்சம் நெசமாவே பேட்டரிக்குத் திரும்பி வருது. ஆனா அது சொல்ற அளவுக்கு வராது. நீங்க மூலையில சின்னதா இருக்கற சார்ஜு பர்சன்டேஜ மட்டும் பாருங்க. நெசம் அதுதான்."

அவளுக்குப் புரிந்தது. சமையல்காரிக்குப் புரியாமல் இருக்க அதில் ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டே அவரிடம் சொன்னாள்.

"சட்டியில எவ்வளவு சோறு கெடக்குதுங்கறது அந்தப் பர்சன்டேஜுங்க. எத்தன பேருக்கு வருங்கறது அந்தக் கிலோமீட்டரு. ஆபீஸ்காரங்க வந்தா அம்பது பேருக்கு வரும். காலேஜ் பசங்க வந்தா அதே சோறு முப்பது பேருக்குக்கூடப் பத்தாது. மலையேறுனா வண்டி காலேஜ் பசங்களாட்டம் திங்குது. அவ்வளவுதானுங்க."

அவர் மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார். "யாரு சொன்னது?"

"சர்வீஸ் சென்டருல."

"விக்கறவன் வேற என்ன சொல்லுவான்?" என்றார். "நேத்து லைசென்ஸ் வாங்குனவ நீ. எனக்கு வண்டியப் பத்திச் சொல்ற."

அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள். அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று பிறகு பலமுறை நினைத்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு ராத்திரி காற்றில் மரம் விழுந்து வாழவந்தியில் கரண்ட் போனது. காலையில் பார்த்தால் சார்ஜ் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. அன்றைக்குப் பயிற்சி நாள். போய்வர அது போதும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு செலவாகிறது என்று பர்சன்டேஜைப் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்திருந்தது. "போலாமுங்க" என்றாள். அவர் தயங்கினார், ஆனாலும் ஏறினார். அன்றைக்கு அவர் விரல்கள் ஒரு பந்தைப் பிடித்தன, விட்டன.

திரும்பும்போது அடிவாரத்திலேயே மழை. ஐந்தாவது வளைவுக்குமேல் மேகம் ரோட்டில் இறங்கிவிட்டது. முன் விளக்கு, வைப்பர், கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க ஏசி என்று எல்லாவற்றையும் போட்டிருந்தாள். எண் சரிந்தது. நாற்பது. முப்பத்திரண்டு. இருபத்தாறு. பாலகுமார் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினான்காவது வளைவு திரும்பியதும் பத்தொன்பது என்றார்.

"ஊட்டுக்கு இன்னும் பதினெட்டு இருக்குது. மலை முடியறதுக்குள்ள நின்னுரும். நிறுத்து."

"நிக்காதுங்க. பர்சன்டேஜு இருவத்தாறு இருக்குதுங்க. மேல போயிட்டா சமதரைதான்."

"நிறுத்துன்னு சொல்றேன். மேகத்துல நடுப் பெண்டுல நின்னா பின்னால வர்ற லாரி ஏறிருவான். எங்கண்ணு முன்னால ரெண்டு பேரு அப்படிப் போயிருக்கறாங்க. நிறுத்து அமுதா."

 நோய்க்குப் பிறகு அவருக்குப் பயம் வந்தால் உடம்பே உதறும். இப்போது உதறியது. இடது கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடிக்க வந்தார். அவள் பயந்துபோய் ஓரத்தில் அகலமான இடம் பார்த்து நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் எது சொல்லியும் அவர் கேட்கவே இல்லை. விஜயகுமாருக்கு ஃபோன் போடச் சொன்னார். அவன் தன் வண்டியில் வந்தான். காரை ஏற்றிப்போக சேலத்திலிருந்து ரெக்கவரி லாரிக்குச் சொன்னான். அது வந்து சேரும்வரை மழையில் காத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. ஸ்டாண்டில் எல்லோருக்கும் செய்தி போய், இரண்டு டிரைவர்கள் வந்து சேர்ந்தார்கள். பாலகுமாரை அந்தக் காரிலிருந்து விஜயகுமார் வண்டிக்கு மாற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள். நனைந்த வேட்டியோடு, செருப்பு ஒன்று சேற்றில் விழ, அவரைத் தூக்கி வைத்தார்கள். தூக்கியவர்கள் எல்லாம் அவரிடம் தொழில் பழகியவர்கள்.

ஏற்றம் முடிந்து, ஒண்டிக்கடையில் லாரியிலிருந்து காரை இறக்கினார்கள். டீக்கடை ஓரம் நின்ற ஒருவன், "எலக்ட்ரிக் வண்டிக்கு லாரி எலவசமுங்களா?" என்று கேட்டான். சிரிப்புக் கேட்டது. பாலகுமார் விஜயகுமார் வண்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவரை விஜயகுமார் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அமுதவல்லி பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போனாள். பத்தொன்பது என்று காட்டிய எண், வீட்டு வாசலுக்கு வரும்போது இருபத்திரண்டு என்று காட்டியது. பர்சன்டேஜ் இருபதில் நின்றது. ஏற்றம் முடிந்துவிட்டதால் வண்டி தன் அனுமானத்தைத் தானே மாற்றிக்கொண்டது. லாரியில் ஏறிய மிச்ச வளைவுகளுக்கான சார்ஜைக் கழித்தாலும், அன்றைக்கு நிற்காமல் வந்திருந்தால் சிரமமில்லாமல் வந்து சேர்ந்திருப்பார்கள்.  உள்ளே போய் அவரிடம் சொன்னாள்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "போதும். இனி அந்த வண்டியில ஏற மாட்டேன்."

சொன்னதைக் காப்பாற்றினார்.

அடுத்த பயிற்சி நாளுக்கு அவள் சட்டை போட்டுவிட வந்தாள். கையைக் கொடுக்கவில்லை. விஜயகுமாரைக் கூப்பிடட்டுமா என்றாள். "அவன் என்னைத் தூக்கிப் போட்டதே போதும்" என்றார். பஸ் வேண்டாம். வாடகை வண்டி வேண்டாம், அத்தனையும் தெரிந்த டிரைவர்கள். கல்யாணமாகி ஓசூரில் இருந்த மலர் ஃபோனில் அழுதாள். "அப்பா, இங்க வந்துருங்க, இங்கியும் பிசியோ இருக்குதுங்க" என்றாள். ஒரே அறை வீட்டில் மாமியாரோடு இருக்கிறவள். மருமகன் வீட்டில் போய்ப் படுக்க முடியாது என்று அவர் ஃபோனைத் தள்ளினார்.

அமுதவல்லி பிரிஸ்கில்லாவிடம் பார்த்ததையெல்லாம் தானே செய்து பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டுவாள். தோளைத் தூக்குவாள். வலிக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே விடாமல் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அவர் கத்தினார், அவள் விட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து கையையே தரவில்லை. பிரிஸ்கில்லா இரண்டு முறை ஃபோன் செய்தாள். "மாசம் போயிட்டே இருக்குதுங்கக்கா" என்றாள்.  கார்த்திகை போனது. மார்கழிப் பனியில் அவர் கை விறைத்துக்கொண்டது. திறந்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. தை பிறந்தபோது அது ஒரு முஷ்டி. குளிப்பாட்டும்போது உள்ளங்கையைக் கழுவ அவள் விரலை நுழைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. நகம் உள்ளே குத்திப் புண்ணாகாமல் ஒரு துணியைச் சுருட்டி வைத்தாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் மட்டும் சேலம் வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள். கிளம்பும்போது திரையை ஒரு படம், அடிவாரத்தில் ஒன்று, மேலே வந்து ஒன்று என்று ஃபோனில் எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"பாருங்க. பாதிக்கு மேல மிச்சம் இருக்குது. என்னைய நம்ப வேண்டாம், இதைய நம்புங்க."

அவர் ஃபோனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "உனக்கு வண்டி பெருசாப் போச்சா?" என்று கேட்டார்.

அவள் சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். என்ன சமைக்க வந்தோம் என்று நினைவு வரவில்லை. அணைத்தாள்.

மாசியில் சேலத்தில் மாற்றுத் திறனாளிகளுக்கு முகாம் என்று சொன்னார்கள். டாக்டர் கையைப் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் மாத உதவித்தொகை. ஆள் நேரில் வர வேண்டும். முகாம் நாளில் விஜயகுமாருக்கு ஊட்டிச் சவாரி இருந்தது. வேறு யாரையும் அழைக்க அவர் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, முகாமுக்கு முந்தின நாள் அவரே சொன்னார்.

"அந்த வண்டியிலயே போலாம்."

 முகாமில் வரிசையில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் முஷ்டியைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. தோளைத் தூக்கப் பார்த்தார். பாதியிலேயே நின்றது. நிரந்தர ஊனம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இடது கையால் பாலகுமார் விரல் ரேகை வைத்தார். இருபத்தாறு வருடம் டிரைவராகக் கையெழுத்துப் போட்ட மனிதர்.

திரும்பி ஏறும்போது வெயில் நன்றாக இருந்தது. ரோடு காய்ந்து கிடந்தது. முதல் வளைவில் அமுதவல்லி ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் பெரிய எண்ணைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த சின்ன எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  நான்காவது வளைவு, எட்டாவது வளைவு. அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. மலைப்பாதையில் அவர் கணக்குப் போடும்போது அப்படித்தான் அசையும்.

பன்னிரண்டாவது வளைவுக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"பெண்டுக்கு ஒண்ணரை."

"என்னங்க?"

"ஒரு பெண்டுக்கு ஒண்ணரை பர்சன்ட்டு போவுது. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. சீராத்தான் குடிக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தப் பெரிய நம்பருதான் தாறுமாறா ஓடுது. இது ஓடல."

நான்கு மாதமாக அவள் சொன்னதுதான். அதை அவர் கண்ணால் கண்டு, அவர் வாயால் சொன்னார். அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்து அவர் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வண்டி பதினான்காவது வளைவைத் திரும்பியது. அந்த அகலமான ஓரம் இடப்பக்கம் வந்து பின்னால் போனது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு ஊடு போயிச் சேந்திருப்பமா?"

கேட்டது மெதுவான குரலில். குற்றம் சொல்லும் குரல் அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஐப்பசியிலிருந்து அவள் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்த பதில் ஒரே சொல். எத்தனையோ முறை அதை அவர் முகத்தில் எறிய வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். இப்போது அவர் கேட்கிறார். துணி சுருட்டி வைத்த கை அவர் மடியில் கிடந்தது.

"மழையில்லீங்களா அன்னைக்கு" என்றாள். "யாரு கண்டா? சொல்ல முடியாதுங்க."

அவர் அவளைப் பார்த்தார்.  அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொய் சொல்லாத அமுதா" என்றார்.

 வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவள் சுற்றி வந்து கதவைத் திறந்தாள். அவர் இறங்கவில்லை. உட்கார்ந்தபடி இடது கையால் வலது கையைப் பிடித்து, மடங்கிய விரல்களைத் திறக்க முயன்றார். சுண்டு விரலைக் கொஞ்சம் நிமிர்த்தினார். விட்டதும் அது மடங்கிக்கொண்டது. மறுபடி நிமிர்த்தினார். அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். "வாங்க, உள்ள போலாம்" என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் அவரே காலையில் குளித்து, இடது கையால் முடிந்தவரை சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். "பிரிஸ்கில்லாகிட்டப் போகோணும்" என்றார்.

பிரிஸ்கில்லா கையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு முகத்தை மறைக்கத் தெரியவில்லை. ஆனாலும் மெழுகு வைத்துச் சூடு காட்டினாள், நீட்டினாள், தோளைச் சுழற்றினாள். பாலகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஒரு முறைகூடக் கத்தவில்லை. சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். வாரத்துக்கு இரண்டு தடவை போனார்கள். பங்குனி வந்தது, சித்திரை வந்தது. சீசன் கூட்டத்தில் மலையேற மணிக்கணக்கில் ஆன நாட்களிலும் போனார்கள். அவர் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. வழியில் திரையைப் பார்ப்பதே இல்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வருவார். கை அப்படியேதான் இருந்தது. தோள் வலி மட்டும் கொஞ்சம் குறைந்தது.

வைகாசியில் ஒரு நாள், அவர் கட்டிலில் படுத்துத் தோளுக்குச் சூடு வைத்துக்கொண்டிருந்தபோது, பிரிஸ்கில்லா அமுதவல்லியைத் திரைக்கு வெளியே அழைத்தாள்.

"அக்கா, வாரத்துக்கு ரெண்டு தடவ இனி வரோணும்னு இல்லீங்க. கை இறுகாம இருக்க ஊட்டுல செய்யறதுக்கு நான் சொல்லித் தர்றேன். மாசத்துக்கு ஒருக்கா காட்டுனாப் போதும். இவ்வளவு தூரம் மலையெறங்கி, ஏறி… உங்களுக்கு எதுக்குங்க அலைச்சல்?"

"இனி தொறக்காதுங்களா?"

பிரிஸ்கில்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையின் அந்தப் பக்கம் பாலகுமார் இருமினார். பிறகு தனக்குத்தானே எண்ணுகிற சத்தம் கேட்டது. இடது கையால் வலது கையின் விரல்களை நீட்டிப் பிடித்து, பத்து வரை எண்ணி, விட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அவருகிட்டச் சொல்லாதீங்க கண்ணு" என்றாள் அமுதவல்லி. "நாங்க வந்துட்டே போறமுங்க."